குளிர் நிலவில் குடியிருப்போர்

லடாக்கின் சாங்தாங் பீடபூமிக்கு வருகிறவர்கள் ‘சந்திரனில் இறங்கியது போல இருக்கிறது’ என்று வியக்கிறார்கள். விண்வெளி வாழ்க்கைக்கான ஒத்திகையும் அங்கே நடந்துவிட்டது. ஆனால் இந்த நிலவில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது, ஆடு இருக்கிறது, ஓநாயும் இருக்கிறது. இப்போது அவர்களுக்குத்தான் இடநெருக்கடி.

2025 ஆகஸ்டு மாதத்தின் முதல் பத்து நாட்கள், லடாக்கில் சோ கார் ஏரிப் படுகையில் இரண்டு பேர் வேற்றுக்கிரகவாசிகளாக வாழ்ந்து பார்த்தார்கள். அவர்கள் தங்க 8 மீட்டர் விட்டத்தில் ஒரு கூடு, சாமான்களுக்கும் கருவிகளுக்கும் 5 மீட்டரில் இன்னொரு கூடு. சமையல், உறக்கம், ஆராய்ச்சி எல்லாம் அதற்குள்ளேதான். பெங்களூரைச் சேர்ந்த புரோட்டோபிளானட் என்ற தனியார் நிறுவனம் அமைத்த இந்த ‘ஹோப்’ நிலையத்தை ஜூலை 31 அன்று திறந்துவைத்தவர் இஸ்ரோ தலைவர் வி. நாராயணன். சந்திரனிலோ செவ்வாயிலோ மனிதன் தங்க நேர்ந்தால் உடம்பும் மனமும் என்ன பாடுபடும் என்பதைப் பூமியிலேயே பார்த்து வைத்துக்கொள்வது நோக்கம். 2024 நவம்பரில் லே நகரில் இதே மாதிரி ஒரு முதல் ஒத்திகை நடந்திருந்தது.

இடத் தேர்வில் யாரும் குறை காண முடியாது. கடல் மட்டத்திலிருந்து 4,500 மீட்டருக்கும் மேல் உயரம், மெலிந்த காற்று, தோலைச் சுட்டெரிக்கும் புற ஊதாக் கதிர், நிழலுக்குள் காலை வைத்தால் விறைக்கும் குளிர், உப்புப் பூத்த மண், அதற்கடியில் உறைந்து கிடக்கும் நிலம். வெளியே போகும்போது விண்வெளி உடை தேவைப்படுமோ என்று ஒரு கணம் தோன்றும்.

ஆனால் அந்தக் கூட்டிலிருந்து வெளியே பார்த்தால் தெரியும் உலகம் வேறு. ஆகஸ்டு மாதத்தில் சோ கார் படுகையின் புல்வெளிகளில் கியாங் எனும் காட்டுக் கழுதைகள் கூட்டமாக மேயும். சதுப்பில் கருங்கழுத்துக் கொக்குகள் குஞ்சுகளுக்கு இரை தேடப் பழக்கும். மலைச்சரிவில் சாங்பா மேய்ப்பர்களின் வெள்ளாடுகள் புள்ளி புள்ளியாக நகரும். இவர்கள் யாருக்கும் இது ஒத்திகை இல்லை.

கற்பனை நிலவும் நிஜ நிலவும்

உயிர் வாழக்கூடிய ஒரு குளிர் நிலவைத் தேடும் ஆசை மனிதனுக்கு இன்று அதிகமாகவே இருக்கிறது. வியாழன் கிரகத்தின் நிலவான யூரோப்பாவில், வெப்பம் அதிகமான நடுப்பகுதியிலேயே மைனஸ் 160 டிகிரி குளிர். ஆனாலும் அதன் பனி ஓட்டுக்கு அடியில் உப்புக் கடல் இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் நம்புகிறார்கள். சனியின் நிலவான என்செலடஸின் தென் துருவத்திலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிடுவதை காசினி விண்கலம் 2005ல் கண்டுபிடித்தது. 2024 அக்டோபர் 14 அன்று நாசா ஏவிய யூரோப்பா கிளிப்பர், 2030ல் வியாழனை எட்டும். கதாசிரியர்களுக்கும் சினிமாக்காரர்களுக்கும் அதுவரை பொறுமை ஏது? குளிர் நிலவுகளை அவர்கள் எப்போதோ படைத்து, ரோமம் அடர்ந்த மிருகங்களையும் பனிக்காட்டுப் பறவைகளையும் அங்கே குடியேற்றிவிட்டார்கள்.

அந்தக் கற்பனைகளுக்குப் பூமியில் ஒரு மாதிரி வேண்டுமென்றால் சாங்தாங்குக்குத்தான் வரவேண்டும். லேக்கு மேற்கே லாமாயுருவில் பழைய ஏரி வண்டல் மஞ்சளாகக் குழிந்து கிடக்கும் இடத்துக்கு ‘மூன்லேண்ட்’ என்று சுற்றுலாக்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அது புகைப்படத்துக்கு மட்டும் நிலவு. வாழ்ந்து பார்க்க வேண்டிய நிலவு கிழக்கே, திபெத்திய எல்லையை ஒட்டி விரிந்து கிடக்கிறது.

லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சிந்து நதியை ஒட்டி உப்ஷி வரை போய், தெற்கே திரும்பி, 5,300 மீட்டருக்கு மேலுள்ள தாங்லாங் கணவாயைத் தாண்டினால் சட்டென்று மலைகள் விலகி நிற்கின்றன. முன்னே அகலமான சமவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரமில்லை. காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் 57 சதவீதம். இங்கே நான்கு எட்டு வேகமாக நடந்த சென்னைவாசி, மாடிப்படி ஏறியவரைப் போல இளைப்பார். பனிக்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே இறங்கும். இமயம் மழைமேகங்களை மறித்துவிடுவதால், லேயில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்தே சுமார் 100 மில்லிமீட்டர்தான். அந்த அளவு மழை சென்னையில் ஒரே இரவில் கொட்டித் தீர்த்துவிடும்.

சோ கார் என்றால் ‘வெள்ளை ஏரி’. படுகையின் வடக்கில் உள்ள பெரிய ஏரி கடும் உப்பு, தெற்கில் உள்ள ஸ்டார்ட்சாபுக் சோ நன்னீர். சுற்றியுள்ள குன்றுகளில் பழைய கரைக்கோடுகள் படிப்படியாகத் தெரியும். ஒரு காலத்தில் ஏரி மிகப் பெரிதாக இருந்து, சுருங்கிச் சுருங்கி உப்பை விட்டுச் சென்றதன் தடயங்கள் அவை. சாங்பாக்கள் இந்த உப்பைச் சுரண்டி, ஆடுகளின் முதுகில் ஏற்றிப்போய்த் தானியத்துக்கு மாற்றிய காலமும் உண்டு. 2020ல் இந்த ஏரித் தொகுதி ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தென்கிழக்கே உள்ள சோ மோரிரி ஏரி 2002லேயே இடம்பெற்றுவிட்டது.

இரண்டு ஏரிகளுக்கும் நடுவில் புகா பள்ளத்தாக்கு. 4,400 மீட்டர் உயரத்தில் மண்ணுக்குள்ளிருந்து வெந்நீர் ஊற்றுகள் கொதித்து வருகின்றன. காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் இங்கே சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். கந்தகமும் வெண்காரமும் பூத்த கரையில் ஒரு பக்கம் ஆவி, மறுபக்கம் பனிக்கட்டி. என்செலடஸின் பனிக்கடியில் என்ன நடக்கும் என்று யோசிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடசாலை கிடைப்பது அரிது. இந்தப் பூமிச்சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க 2021ல் ஓ.என்.ஜி.சி. ஒப்பந்தம் செய்துகொண்டது.

சூட்டைச் சேமிக்கும் கலை

இங்கே வாழும் உயிர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பொருளாதாரம்: சூட்டைச் சேர், செலவழிக்காதே.

செடிகளிலிருந்தே அது தொடங்குகிறது. உயரமான சரிவுகளில் பாறை மேல் பச்சைத் தலையணை வைத்தது போலச் சில செடிகள் குந்தியிருக்கும். ஆயிரக்கணக்கான சிறு தண்டுகள் நெருக்கமாகச் சேர்ந்து, காற்று உள்ளே புகாதபடி உருண்டு வளர்ந்தவை. வெயில் ஏறினால் அந்தத் தலையணைக்குள் வெளிக்காற்றைவிடச் சூடு அதிகம். லடாக்கில் 6,000 மீட்டருக்கு மேலேயும் பூக்கும் செடிகளை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். புல்லுக்கு வளர்வதற்குக் கிடைப்பது மூன்று, நான்கு மாதம். அதற்குள் முளைத்து, பூத்து, விதை சிந்தியாக வேண்டும்.

அந்தப் புல்லை நம்பி மற்றவர்கள். மார்மட் என்னும் பருத்த மலை அணில் கோடை முழுக்கத் தின்று கொழுத்து, வளைக்குள் போய் அரை வருடத்துக்கு மேல் தூங்கிவிடும். அதன் அண்டை வீட்டுக்காரர் பைக்கா. எலி போலத் தெரிந்தாலும் முயலுக்கு உறவு. உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பிராணி குளிர்காலத்திலும் தூங்குவதில்லை. வளையும் ரோமமுமே அதன் காப்பு. நரி, ஓநாய், பருந்து, பல்லாஸ் பூனை என இந்தப் பீடபூமியின் வேட்டைக்காரர்களில் பலருக்கு அன்றாடச் சாப்பாடு பைக்காதான். அது தோண்டிப் போட்ட வளைகளில் சிறு பறவைகள் கூடு வைக்கும்.

பெரிய மிருகங்களில் முதலில் கண்ணில் படுவது கியாங். காட்டுக் கழுதை இனங்களில் உலகிலேயே பெரியது. செம்பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு. ஜீப்பைக் கண்டால் ஒதுங்காமல் பக்கத்திலேயே பந்தயம் ஓடும் விசித்திர குணம். பாறைப் பக்கம் நீல ஆடுகள், வளைந்த பெரிய கொம்புடன் அர்காலி காட்டு ஆடுகள். திபெத்தியச் சிறுமான் கதை சோகமானது. ஒரு காலத்தில் லடாக்கில் பரவலாக இருந்த அது, வேட்டையாலும் மேய்ச்சல் நெருக்கடியாலும் சுருங்கி, ஹான்லே பக்கம் சில டஜன் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

இவர்கள் எல்லோருக்கும் மேலே பனிச்சிறுத்தை. நீண்ட பருத்த வாலை உடம்பைச் சுற்றிப் போர்வையாகப் போட்டுக்கொள்ளும். அகன்ற பாதம் பனியில் புதையாது. 2024 ஜனவரியில் வெளியான நாட்டின் முதல் முழுமையான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் இருக்கின்றன. அவற்றில் 477 லடாக்கில்.

பறவைகளின் கணக்கு இன்னும் கறாரானது. கருங்கழுத்துக் கொக்கு நம் வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு இல்லை. வட இந்தியச் சாரஸின் உறவு, ஆளுயரத்துக்கு அருகில் நிற்கும். லடாக்கிகள் இதை அதன் குரலை வைத்து ‘துங்-துங்’ என்பார்கள். கொக்கு இனங்களில் இவ்வளவு உயரத்தில் குடும்பம் நடத்துவது இது ஒன்றுதான். இந்தியாவில் இது முட்டையிட்டுப் பொரிப்பது லடாக்கின் சதுப்புகளில். வசந்தத்தில் வந்து, நீர் சூழ்ந்த மேட்டில் ஒன்றோ இரண்டோ முட்டையிட்டு, தாயும் தந்தையும் மாறி மாறி ஒரு மாதத்துக்கு மேல் அடைகாக்கும். பொரித்த குஞ்சு பனி விழுவதற்குள் பறக்கக் கற்றாக வேண்டும். இடையில் ஒரு தவறு நேர்ந்தாலும் அந்த ஆண்டு வீண்.

இதே ஏரிக்கரைகளில் குஞ்சு பொரிக்கும் இன்னொரு பறவை வரித்தலை வாத்து. இதன் ரத்தம் மெலிந்த காற்றிலிருந்தும் ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொள்ளும். இமயத்தைத் தாண்டும்போது 7,000 மீட்டருக்கு மேல் பறந்ததை உடலில் பொருத்திய கருவிகள் பதிவு செய்திருக்கின்றன. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்காரர்களுக்கு இது புதுப் பறவை இல்லை. வலசை வரும் காலத்தில் இந்த இன வாத்துகள் அவர்கள் ஊர்க் குளத்திலும் இறங்குகின்றன. இமயத்தின் குளிர்ப் பீடபூமிகளுக்கும் தாமிரபரணி நாட்டுக் குளங்களுக்கும் இப்படி ஓர் ஆகாய வழி பன்னெடுங்காலமாக இருக்கிறது.

ஆடு தரும் போர்வை

மனிதனும் இங்கே அதே பொருளாதாரத்தைத்தான் கற்றான். சாங்பாக்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. புல் எங்கே, பனி எங்கே என்று பார்த்து ஆண்டுக்குப் பல முறை முகாம் மாற்றுவார்கள். ‘ரெபோ’ எனப்படும் அவர்களின் கறுப்புக் கூடாரம் யாக் எருமையின் ரோமத்தில் நெய்தது. நடுவில் அடுப்பு, மேலே புகை போக ஒரு திறப்பு. எரிக்க விறகு கிடையாது. காய்ந்த சாணமும் முட்புதர் வேரும்தான். வறுத்த பார்லி மாவு, உப்பும் வெண்ணெயும் போட்டுக் கடைந்த தேநீர். தென்னாட்டுக்காரர்கள் முதல் வாயில் முகம் சுளிக்கும் அந்தத் தேநீர், மைனஸ் 20 டிகிரியில் ஒரு கிண்ணம் உயிர்.

உடம்பும் அவர்களுக்குத் துணை. சமவெளிக்காரர்கள் உயரத்துக்கு வந்தால் ரத்தம் கெட்டிப்படும். திபெத்தியப் பீடபூமி மக்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஆகாமல் ஒரு மரபணு வகை காக்கிறது என்று 2010ல் தெரியவந்தது. அது எப்போதோ அழிந்துபோன டெனிசோவன் என்ற ஆதி மனித இனத்தின் சொத்து என்று 2014ல் நிரூபித்தார்கள். வெளியிலிருந்து வந்தவன் கூட்டுக்குள் அடைந்து சமாளித்த உயரத்தில், இவர்கள் வெட்டவெளியில் பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள்.

இவர்களின் செல்வம் சாங்ரா வெள்ளாடு. கடுங்குளிர் வரும்போது அதன் வெளி ரோமத்துக்கு அடியில் மிக நுண்ணிய உள் ரோமம் வளரும். தடிமன் 12 முதல் 15 மைக்ரான். வசந்தம் முடியும்போது அதை உடம்பிலிருந்து சீப்பால் வாரி எடுக்கிறார்கள். ஒரு ஆட்டிலிருந்து ஆண்டுக்குச் சுமார் கால் கிலோ. இதுதான் பஷ்மினா. ஸ்ரீநகர் தறிகளில் சால்வையாகி, டெல்லி கடைகளில் ஆயிரங்களுக்கு விலை போகும் அந்த மென்மை, ஒரு ஆடு குளிரில் உயிர் பிழைக்கப் போட்டுக்கொண்ட உள்சட்டை. குளிர் குறைந்தால் ரோமமும் குறைகிறது என்பது மேய்ப்பர்களின் கவலை. அதே குளிர் எல்லை மீறிப் பனி கனமாக விழுந்தாலோ புல் புதைந்து ஆடு செத்துவிடுகிறது. 2013 குளிர்காலத்தில் அப்படித்தான் பெருமளவு ஆடுகளும் குட்டிகளும் மடிந்தன.

காட்டு விலங்குகளோடு இவர்களுக்கு உள்ள உறவும் வெறும் பாசம் இல்லை. கியாங் கூட்டம் வந்தால் ஆட்டுக்கு வைத்திருந்த புல் போயிற்று என்று முனகுவார்கள். ஓநாய்க்கு ‘ஷங்தோங்’ என்ற கல் கிணறு கட்டிவைத்தார்கள். உள்ளே ஒரு ஆட்டைக் கட்டினால் ஓநாய் குதிக்கும்; மேல்நோக்கிக் குறுகும் சுவரில் திரும்ப ஏற முடியாது. ஊரார் கூடிக் கல்லால் அடித்துக் கொல்வார்கள். ஒரே இரவில் பட்டிக்குள் புகுந்த ஓநாய் பத்து இருபது ஆட்டைக் கொன்றுபோட்டால் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் போகும் என்பதை நினைத்தால், அந்தக் கிணற்றின் கொடுமை புரியும்.

2017ல் பாங்காங் ஏரிக்கு அருகே உள்ள சுஷுல் கிராமத்தார் ஒரு முடிவெடுத்தார்கள். தங்கள் பகுதியில் இருந்த இப்படிப்பட்ட நான்கு கிணறுகளின் சுவரை உடைத்து, ஓநாய் ஏறி வெளியே போக வழி செய்தார்கள். பக்கத்தில் ஒரு ஸ்தூபி எழுப்பினார்கள். புத்த பிக்கு வந்து அதைப் புனிதப்படுத்தினார். இரவுப் பட்டிகளுக்கு வலுவான கம்பி வலை போடப் பாதுகாப்பு அமைப்புகள் உதவி செய்தன. சட்டம் போட்டுச் சாதிக்க முடியாததை ஒரு ஊரின் மனசு சாதித்தது.

இருட்டுக்கும் ஒரு சரணாலயம்

ஹான்லேயில் இன்னொரு வகையான மேய்ச்சல் நடக்கிறது. 4,500 மீட்டர் உயரக் குன்றின் மேல் இந்திய வான் இயற்பியல் கழகத்தின் 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கி 2000 செப்டம்பரில் கண் திறந்தது. அதை இயக்குகிறவர்கள் பெங்களூர் அருகே ஹொசகோட்டேயில் உட்கார்ந்து செயற்கைக்கோள் வழியாக ஆணை கொடுக்கிறார்கள். கழகத்தின் பூர்வீகம் தமிழர்களுக்கு அறிமுகமானது. 1792ல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வானாய்வகத்திலிருந்து 1899ல் கொடைக்கானலுக்கு ஏறிய பரம்பரை அது. இருட்டும் தெளிந்த வானமும் தேடி ஏறி ஏறிக் கடைசியில் இமயத்துக்கு அப்பால் வந்து நிற்கிறது. 2024 அக்டோபரில் 21 மீட்டர் அகலமுள்ள மேஸ் காமா கதிர்த் தொலைநோக்கியும் பக்கத்திலேயே செயல்படத் தொடங்கியது.

2022 டிசம்பரில் ஹான்லேயைச் சுற்றி 1,073 ச.கி.மீ. பரப்பை ‘இருள் வானக் காப்பகம்’ என்று லடாக் நிர்வாகம் அறிவித்தது. நாட்டில் இதுவே முதல். வீட்டு ஜன்னலுக்குக் கனத்த திரை, தெருவிளக்குக்கு மூடி, வண்டிக்கு மங்கிய விளக்கு என்று கிராமத்தார் ஒப்புக்கொண்டார்கள். உள்ளூர் இளைஞர்களும் பெண்களுமாக 24 பேருக்குச் சிறிய தொலைநோக்கிகள் தந்து பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் இப்போது விருந்தாளிகளுக்குச் சனியின் வளையத்தைக் காட்டிக் கட்டணம் வாங்குகிறார்கள். 2024 மே மாதம் சூரியப் புயல் அடித்த இரவில், வடதுருவத்தில் மட்டும் தெரியும் என்று நினைத்த ஒளி இங்கே அடிவானத்தில் சிவப்பாகத் தெரிந்தது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இருட்டைக் காப்பாற்றும் இந்த ஏற்பாடு ஊர்க்காரர்களுக்கு வருமானம் தருகிறது. அதனால் அவர்களே அதற்குக் காவல். வேறு பல திட்டங்களில் இந்தக் கணக்கு சேர்க்கப்படவில்லை.

‘வெற்று’ நிலம்

சாங்தாங் குளிர்ப் பாலைவனச் சரணாலயம் 1987லேயே அமைக்கப்பட்டது. காகிதத்தில் பரப்பு சுமார் 4,000 ச.கி.மீ. ஆனால் வேலி கிடையாது, எல்லைக்கல் அரிது. உள்ளேயே கிராமம், ராணுவ முகாம், சுற்றுலா விடுதி.

கருங்கழுத்துக் கொக்குக்கு இன்று பெரிய எதிரி பனிச்சிறுத்தையோ ஓநாயோ இல்லை. நாய். ராணுவ முகாம்களும் சுற்றுலா முகாம்களும் பெருகியதோடு சமையல் கழிவு பெருகியது. கழிவைத் தின்று நாய்கள் பெருகின. குளிர்காலத்தில் சுற்றுலாக்காரர்கள் போனதும் தீனி நின்றுபோகிறது. பசித்த நாய்கள் கூட்டம் சேர்ந்து ஆட்டையும் கியாங் குட்டியையும் துரத்துகின்றன. கோடையில் கொக்கின் முட்டையையும் பறக்கத் தெரியாத குஞ்சையும் கவ்விப் போகின்றன. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முட்டை மட்டும் இடும் பறவையால் அந்த நஷ்டத்தைத் தாங்க முடியாது. தீர்வு அப்படியொன்றும் பெரிய விஞ்ஞானம் இல்லை. குப்பையை ஒழுங்காக அகற்றி, நாய்களுக்குக் கருத்தடை செய்ய வேண்டும். இந்தக் குளிரில் குப்பை மக்காது என்பதால் கொண்டுவந்தவரே திரும்ப எடுத்துப் போவதுதான் வழி.

மேய்ப்பர்களுக்கு நெருக்கடி பல பக்கமும். 1962 போருக்குப் பிறகு திபெத் பக்கம் போகும் பழைய மேய்ச்சல் வழிகள் அடைபட்டன. அகதிகளாக வந்த திபெத்திய மேய்ப்பர்கள் மந்தையோடு இங்கே சேர்ந்தார்கள். 2020 எல்லை மோதலுக்குப் பிறகு சில குளிர்கால மேய்ச்சல் நிலங்களுக்குப் போக முடியவில்லை என்று எல்லையோரக் கிராமங்கள் குறைபட்டன. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் தேடிக் கர்னாக் பகுதிக் குடும்பங்களில் பெரும்பாலானவை மந்தையை விற்றுவிட்டு லேயின் ஓரத்தில் குடியேறிவிட்டன. போனவர்களைக் குறை சொல்ல முடியாது. மைனஸ் 30 டிகிரியில் குழந்தைக்கு ஜுரம் வந்தால் பஷ்மினாவின் பெருமை உதவாது.

இதற்கு நடுவில்தான் பாங் வருகிறது. மணாலி–லே சாலையில் உள்ள இந்தப் பகுதியின் உயர்ந்த சமவெளிகளில் 13 ஜிகாவாட் மின் உற்பத்திக்கு மத்திய அரசு திட்டமிட்டிருக்கிறது. அந்த மின்சாரத்தை ஹரியானாவின் கைத்தல் வரை 713 கி.மீ. கொண்டுபோகும் பாதைக்கு 2023 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. செலவு 20,773 கோடி ரூபாய். நியாயம் இல்லாத திட்டம் என்று சொல்ல முடியாது. நிலக்கரியைக் குறைக்காவிட்டால் இமயத்துப் பனியே மிஞ்சாது. மெலிந்த காற்றும் மேகமில்லாத வானமும் சூரியத் தகடுகளுக்கு மிக உகந்தவை. ‘ஆளில்லாத வெற்று நிலம்தானே’ என்ற பேச்சும் கூடவே வருகிறது.

அந்த ஒரு சொல்லில்தான் மேய்ப்பர்களுக்குக் கோபம். அந்த ‘வெற்று’ நிலத்தில் கர்னாக், சமாத் மந்தைகள் மேய்கின்றன. புல் மிகக் குறைவாக முளைக்கும் நாட்டில் ஒரு ஆட்டுக்குப் பரந்த நிலம் தேவை. இந்த மாதம் வெறுமையாகத் தெரிகிற சமவெளி, வேறொரு மாதம் வந்து மேய விட்டுவைத்த புல்லாக இருக்கும். கியாங்கும் ஓநாயும் போகும் பாதையாகவும் இருக்கும். 2024 மார்ச்சில் லேயில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்த சோனம் வாங்சுக் எழுப்பிய விஷயங்களில் மேய்ச்சல் நிலமும் ஒன்று. நிலம் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்பது 2019ல் லடாக் யூனியன் பிரதேசமான நாளிலிருந்தே அங்கே கனன்றுகொண்டிருக்கும் கேள்வி.

சூரியத் தகடும் ஆடும் சேர்ந்திருக்கவே முடியாது என்று யாரும் சொல்லவில்லை. வரிசைகளுக்கு நடுவே மந்தை போக வழி விடலாம். வலசைப் பாதைகளையும் சதுப்புகளையும் விட்டு விலகிப் போகலாம். வருமானத்தில் ஒரு பங்கைப் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் மேய்ப்பர் முகாம்களிலேயே செலவிடலாம். ஆனால் எந்த வழி, எந்தப் பாதை என்று தெரிந்துகொள்ள வரைபடத்தைப் பார்த்தால் போதாது. எந்த ஓடை எந்த மாதத்தில் உருகும், எந்தச் சரிவில் பனி தங்காது, குட்டி போட்ட கியாங் எங்கே ஒதுங்கும் என்பதெல்லாம் சாங்பா முதியவர்களின் தலைக்குள்தான் இருக்கிறது. அந்தத் தலைமுறை லேயின் சிமெண்டு வீடுகளுக்குள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறது.

குளிர் நிலவில் வாழ என்ன வேண்டும் என்று கண்டறிய இன்னும் பல கூடுகள் சோ காரின் கரையில் எழலாம். எழட்டும். அந்த ஆய்வுக்குக் கேள்விப் பட்டியல் தயாரிக்கிறவர்கள் பக்கத்துச் சரிவில் உள்ள கறுப்புக் கூடாரத்திலும் ஒரு கிண்ணம் உப்புத் தேநீர் குடித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. பாங் சமவெளியில் முதல் கம்பத்தை நடப் போகிறவர்களுக்கும் அங்கே இடம் உண்டு.